பேசாதவரின் பாடு: வகுப்பறையில் விடைக்கருவியும் நம் பிள்ளைகளின் குரலும்



நினைவுச் சொற்பொழிவில் முன்னோரைப் பற்றிப் பேசுவது வழக்கம். நாங்களும் முன்னோர் ஒருவரிடமிருந்தே தொடங்குகிறோம். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற சிறு நூலில் தம் வாழ்க்கையை எழுதினார். கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி அதில் சில வரிகள் உண்டு. ஏறத்தாழ நானூறு மாணவர்கள் படித்த இடம். பத்துப் பேர் தவிர மற்ற எல்லாரும் பார்ப்பனர். யாரோடாவது நட்பாகப் பழகினால் ஊர் எது, வீடு எது, சாதி எது என்று தெரிந்துவிடும் என்ற பயம் அவருக்கு. அதனால் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். வகுப்பு விட்டதும் யாரும் எட்டிப் பிடிக்க முடியாதபடி வேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விடுவார்.

அண்ணல் அம்பேத்கரின் பள்ளி நாட்களைப் பற்றித் தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலும் ஒரு காட்சி வருகிறது. கணக்குப் போட ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைக்கிறார். உடனே மற்ற பிள்ளைகள் கூச்சல் போட்டபடி ஓடிப்போய், கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுத்துக்கொள்கிறார்கள். கணக்குத் தெரியுமா தெரியாதா என்பது அங்கே இரண்டாம் பட்சமாகிவிட்டது. யார் எழுந்து வருகிறார் என்பதே முதலில் பார்க்கப்பட்டது.

இந்த இரண்டு காட்சிகளையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இன்றைய பொருளுக்கு வருகிறோம். கல்லூரி வகுப்பில் எல்லா மாணவர்களும் பதில் சொல்வதற்கென்று ஒரு சிறு கருவி உலகம் முழுவதும் பயன்பாட்டில் இருக்கிறது. தலித் இலக்கிய மேடையில் இதைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். யார் பேசுகிறார், யார் கேட்கப்படுகிறார் என்பதுதான் நம் இலக்கியத்தின் தொடக்கக் கேள்வி. அந்தக் கேள்வி வகுப்பறையிலும் இருக்கிறது.

வகுப்பில் வராத குரல்

பழவேற்காட்டுப் பகுதி ஊர்களிலிருந்து பொன்னேரிக்கும் சென்னைக்கும் கல்லூரி போகிற பிள்ளைகள் இப்போது ஏராளம். 2022-இல் புதுமைப் பெண் திட்டமும் 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தன. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. இடஒதுக்கீடும் உதவித்தொகையும் பேருந்துச் சலுகையும் சேர்ந்து அவர்களைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து விட்டிருக்கின்றன. வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகு நடப்பதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம்.

உள்ளே நடப்பது இதுதான். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். முதல் இரண்டு வரிசையிலிருந்து மூன்று நான்கு கைகள் உயர்கின்றன. எல்லா நாளும் அதே கைகள். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் மொத்த வகுப்பும் “புரிஞ்சுது சார்” என்கிறது. நம் பிள்ளை கடைசி பெஞ்சில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். மூன்று வருடப் படிப்பில் ஒரு முறைகூட வகுப்பில் வாய் திறக்காமல் பட்டம் வாங்கிய பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும்.

இந்த மௌனத்தை “கூச்ச சுபாவம்” என்று ஆசிரியர்கள் எழுதிவிடுகிறார்கள். சமூகவியல் படித்த எங்களுக்கு அந்தச் சொல் போதவில்லை. வாய் திறந்தால் பேச்சு வழக்கு தெரியும். எந்த ஊர், எந்தத் தெரு என்ற கேள்வி அடுத்து வரும். பிறர் தவறான பதில் சொன்னால் அது ஒரு தவறு. நம் பிள்ளை சொன்னால் “கோட்டாவுல வந்தது” என்ற முணுமுணுப்பு. பாடமும் கேள்வியும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, யோசிப்பது தமிழில். மொழிமாற்றி முடிப்பதற்குள் முதல் வரிசையிலிருந்து பதில் போய்விடுகிறது.

கடைசியில் சொன்னதைப் பற்றி ஆய்வே உண்டு. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970-களில் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவுசெய்து அளந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு நொடி அளவுதான். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின. மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். இரண்டு நொடிக் கூடுதல் அவகாசத்தில் வெளிவந்த அறிவு, அதற்கு முன்பும் அந்தப் பிள்ளைகளிடம் இருந்ததுதான்.

மௌனத்துக்கு விலையும் உண்டு. கலை அறிவியல் கல்லூரிகளில் வழக்கமாக நூற்றில் 25 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கு. பெயர் தெரிந்த மாணவருக்கு எளிதாகக் கிடைப்பது, முகமே பதியாத மாணவருக்குக் கிடைப்பதில்லை. தில்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு 2007-இல் அறிக்கை தந்தது. ஆசிரியர்களின் கவனம், மதிப்பீடு ஆகியவற்றிலும் பாகுபாடு இருப்பதை மாணவர்கள் அதில் சொல்லியிருந்தார்கள். சந்தேகத்தைக் கேட்காத மாணவர் அரியர் வைக்கிறார். அரியர் சேர்ந்தவர் படகுக்கோ எண்ணூர்ப் பக்கத்து ஒப்பந்த வேலைக்கோ போய்விடுகிறார். ஆகவே கை உயராத வகுப்பறை நம் வீட்டு அடுப்போடு தொடர்புடைய விஷயம்.

கருவி என்ன செய்கிறது

தொலைக்காட்சியில் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ பார்த்தவர்களுக்கு இந்தக் கருவி புதிதல்ல. போட்டியாளருக்கு விடை தெரியாதபோது பார்வையாளர்களிடம் கேட்பார்கள். ஒவ்வொருவரும் கையிலிருக்கும் சிறு பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். நான்கு விடைகளுக்கும் நான்கு தூண்கள் திரையில் எழும்பும். கல்லூரி வகுப்பில் ‘கிளிக்கர்’ என்று அழைக்கப்படுவதும் இதே வகைதான். மாணவர் பொத்தானை அழுத்துகிறார். வானொலி அலை வழியாக விடை ஆசிரியரின் கணினிக்குப் போகிறது. யார் எதை அழுத்தினார் என்பது வகுப்புக்குத் தெரியாமல், எத்தனை பேர் எதை அழுத்தினார்கள் என்பது மட்டும் திரையில் தெரிகிறது. இப்போது செல்பேசிச் செயலிகளும் இதே வேலையைச் செய்கின்றன.

இதைக் கற்பித்தல் முறையாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர். நன்றாகப் பாடம் நடத்துகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தவர் அவர். இயக்க விதிகளைப் பற்றிய எளிய கேள்விகளை வகுப்பில் தந்தபோது ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் உண்மையில் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். சூத்திரங்களை ஒப்பிக்கும் மாணவர்களுக்கு அடிப்படை விளங்கவில்லை என்பது அவருக்குத் தெரியவந்தது. 1991-இல் முறையை மாற்றினார்.

அவர் முறையில் வகுப்பு இப்படிப் போகும். கொஞ்ச நேரம் விளக்கம். பிறகு நான்கு விடைகளோடு ஒரு கேள்வி. யாரோடும் பேசாமல் ஒவ்வொருவரும் யோசித்து விடை தர வேண்டும். பெரும்பாலோர் சரி என்றால் பாடம் மேலே நகரும். மிகச் சிலரே சரி என்றால் ஆசிரியர் திரும்ப விளக்குவார். இரண்டுக்கும் நடுவே இருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் உன் விடைக்குக் காரணம் சொல் என்று இரண்டு மூன்று நிமிடம் விடுவார். பிறகு அதே கேள்விக்கு மறுபடியும் விடை. இரண்டாம் முறை சரியான விடை பெரும்பாலும் கூடும்.

பக்கத்து மாணவரைப் பார்த்துக் காப்பி அடித்ததால் கூடியிருக்கலாம் அல்லவா? கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து 2009-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். முதல் கேள்வியை விவாதித்த பிறகு, அதே கருத்தைக் கொண்ட வேறொரு கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டார்கள். அதிலும் சரியான விடைகள் கூடின. தொடக்கத்தில் யாருக்குமே விடை தெரியாத குழுக்களில்கூட, பேசிப் பேசி விளங்கிக்கொண்டவர்கள் இருந்தார்கள்.

நமக்கு இதைவிட முக்கியமான கேள்வி: இதனால் யாருக்கு அதிகப் பலன்? ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014-இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினர் தேர்ச்சி பெறவில்லை. மாணவரைப் பங்கேற்க வைத்த வகுப்புகளில் அது 21.8 விழுக்காடு. அதே ஆண்டு வடக்கு கரோலினாப் பல்கலைக்கழக உயிரியல் வகுப்பைப் பற்றிச் சாரா எடி, கெல்லி ஹோகன் இருவரும் எழுதினார்கள். முன்தயாரிப்பும் வகுப்புப் பயிற்சியும் ஒழுங்காக அமைந்தபோது எல்லாருக்கும் பலன் கிடைத்தது. கறுப்பின மாணவர்களுக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் கூடுதலாகக் கிடைத்தது. கறுப்பின, வெள்ளையின மாணவர்களுக்கு இடையிலான மதிப்பெண் இடைவெளி பாதியானது. அந்த மாணவர்களின் மூளை ஒரு பருவத்தில் மாறிவிடவில்லை. வகுப்பு நடத்திய முறை மாறியது.

விலை இல்லாத அட்டை

ஹார்வர்டில் பெட்டி வாங்குவார்கள், நம் அரசுக் கல்லூரியில் மின்விசிறி சுற்றுகிறதா என்றே பார்க்க வேண்டியிருக்கிறது என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நல்ல செய்தி ஒன்று உண்டு. மசூரே தொடக்கத்தில் எழுத்துப் போட்ட அட்டைகளையும் பயன்படுத்தியவர். 2008-இல் நத்தானியேல் லாஸ்ரி என்ற கனடா ஆசிரியர் ஒரே பாடத்தை ஒரு பிரிவில் கிளிக்கரோடும் இன்னொரு பிரிவில் அட்டையோடும் நடத்தினார். மாணவர்கள் கற்றதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பலன் தருவது கேள்வியும் யோசிக்கும் நேரமும் பேச்சும். பெட்டி ஒரு வசதி.

இடையில் இன்னொரு வழியும் இருக்கிறது. ‘பிளிக்கர்ஸ்’ என்று பெயர். ஒவ்வொரு மாணவருக்கும் கறுப்பு வெள்ளைக் கோலம் அச்சிட்ட ஒரு காகித அட்டை. அட்டையின் நான்கு பக்கமும் நான்கு விடைகள். எந்தப் பக்கத்தை மேலே வைத்துப் பிடிக்கிறோமோ அதுதான் நம் விடை. ஒவ்வோர் அட்டையின் கோலமும் வேறு. எழுத்தோ மிகச் சிறியது. பக்கத்தில் இருப்பவர் பார்த்தாலும் தெரியாது. ஆசிரியர் தன் செல்பேசிக் காமிராவை வகுப்பின் மேல் ஓட்டினால் விடைகள் பதிவாகிவிடும். மாணவரிடம் செல்பேசியே வேண்டாம். அப்பாவின் ஒரே செல்பேசி கடலுக்குப் போய்விடும் வீடுகளுக்கு இது பெரிய விஷயம். கொரோனா காலத்து இணைய வகுப்புகளில் நம் பிள்ளைகள் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது.

“எந்த மாசம்?”

நாங்கள் சிலர் சேர்ந்து ஏரிக்கரையில் ஓர் ஊரில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். அங்கே இதைச் செய்து பார்த்தோம். முதல் வாரம் நான்கு நிற அட்டைகள் தந்தோம். எல்லாரும் அட்டையைத் தூக்கும் முன் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பையன் ஒருவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சிவப்பைத் தூக்கியதும் வகுப்பு முழுக்கச் சிவப்பு. எங்கள் தவறு. நிறம் எல்லார் கண்ணுக்கும் தெரியும்போது ஒளிய இடமில்லை. அடுத்த வாரம் கோல அட்டைக்கு மாறினோம். விடைகள் நான்கு பக்கமும் சிதறின. உண்மையில் யாருக்கு என்ன விளங்கியிருக்கிறது என்பதை முதல் முறையாகப் பார்த்தோம்.

அன்று கேட்ட கேள்வி மிதத்தல் விதியைப் பற்றியது. “ஏரியிலிருந்து முகத்துவாரம் வழியாகக் கடலுக்குள் ஒரு படகு போகிறது. கடலுக்குள் போனதும் படகு தண்ணீரில், அ: முன்பைவிட ஆழமாக அமிழும். ஆ: முன்பைவிட மேலே எழும்பும். இ: அப்படியே இருக்கும். ஈ: படகின் எடையைப் பொறுத்து மாறும்.” நாங்கள் எழுதி வைத்திருந்த விடை ஆ. உப்பு கூடினால் தண்ணீரின் அடர்த்தி கூடும்; அதே எடையைத் தாங்கக் குறைந்த அளவு தண்ணீரை விலக்கினால் போதும்; ஆகவே படகு சற்று மேலே நிற்கும்.

விடைகள் சிதறியதால் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னோம். இரைச்சல் கிளம்பியது. அதுவரை வகுப்பில் ஒரு சொல்லும் பேசாத பெண் ஒருத்தி பக்கத்துத் தோழியிடம் ஏதோ கேட்டாள். தோழிதான் எங்களிடம் சொன்னாள்: “அக்கா, இவ கேக்குறா, இது எந்த மாசம்னு.”

நாங்கள் விழித்தோம். அவளையே சொல்லச் சொன்னோம். எழுந்திருக்காமல் மெதுவாகச் சொன்னாள். “மழை மாசத்துல ஆத்துத் தண்ணி வந்து ஏரி நல்லதண்ணியா இருக்கும், அப்ப நீங்க சொல்றது சரிக்கா. கோடையில முகத்துவாரம் தூந்துபோய் ஏரி காஞ்சு கிடக்கும். அப்ப ஏரித் தண்ணிதான் கடல விட உப்பு. கடலுக்குப் போனா படகு கொஞ்சம் எறங்கத்தானே செய்யும்?”

முழுக்கச் சரி. கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. பழவேற்காட்டு ஏரியின் உப்பு மழைக்காலத்தில் அதற்கு வெகுவாகக் கீழே போகும். கடுங்கோடையில் அதைத் தாண்டியும் ஏறும். அந்தப் பெண்ணின் பாட்டி, வாயில் பறியைக் கவ்விக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவியவர். அந்தத் தண்ணீரின் சுவை அந்த வீட்டுக்குத் தெரியும். எங்கள் நான்கு விடைகளில் அந்த அறிவுக்கு இடமில்லை. ஐந்தாவது விடை அவளிடம் இருந்தது.

அன்று நாங்கள் கற்றது இரண்டு. யார் என்று தெரியாமல் முதலில் விடை தர முடிந்ததால்தான் அவளுக்குக் கேள்வி கேட்கும் தைரியம் வந்தது. அட்டையோடு நிறுத்தியிருந்தால் அவள் கேள்வி எங்களுக்குக் கிடைத்தே இருக்காது. அட்டை கதவைத் திறக்கும். உள்ளே வர வேண்டியது குரல்.

பாட்டுச் சீட்டு

இந்த ஏரிக்கே சொந்தமான ஒரு பங்கீட்டு முறை உண்டு. அதன் பெயர் பாடு. ஏரியில் வலை கட்டும் இடங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. நீரோட்டம் நன்றாக உள்ள இடத்தில் இறால் விழும். இன்னோர் இடத்தில் வலை வெறுமனே வரும். சண்டை வராமலிருக்கச் சீட்டுப் போட்டு, முறை வைத்து, நல்ல இடமும் மோசமான இடமும் எல்லாருக்கும் மாறி மாறி வரும்படி செய்தார்கள். வலுத்தவர் மட்டும் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. ஆய்வாளர்கள் பலர் இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள், பாராட்டத் தகுந்ததுதான்.

ஆனால் சீட்டுக் குலுக்கும் வட்டத்துக்குள் யார் இருந்தார்கள்? பட்டினவர் சமூகத்தைச் சேர்ந்த, குறிப்பிட்ட சில ஊர்களின் ஆண்கள். ஏரியை நம்பி வாழ்ந்த தலித் குடும்பங்களும் இருளர் குடும்பங்களும் வட்டத்துக்கு வெளியே நின்று, கையாலும் சிறு வலையாலும் கிடைத்ததைப் பிடித்தார்கள். பெண்கள் யாருக்கும் சீட்டு இல்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் இன்று எல்லா மீனவர்களின் பிழைப்பையும் சேர்த்தே நெருக்குகின்றன. ஒரு கருவி நியாயமாக வேலை செய்தாலும், அதன் வட்டம் யாரால் போடப்பட்டது என்று கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

வகுப்பறைக் கருவிக்கும் அதே கேள்விகள். கேள்வியை எழுதுவது யார்? எந்த மொழியில்? நான்கு விடைகளில் யாருடைய அனுபவம் இருக்கிறது? பக்கத்தில் உட்கார்ந்து பேசும் மாணவர் யார்? நாங்குநேரியில் 2023-இல் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை தந்தது. பள்ளி வகுப்புகளில் மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஊர் ஊராக, தெருத் தெருவாகப் பிள்ளைகள் பிரிந்து உட்காரும் வகுப்பில் “பக்கத்தில் இருப்பவரோடு பேசு” என்றால், பேச்சும் தெருத் தெருவாகவே பிரியும்.

இன்னொன்று. இந்தக் கருவிகளில் விடை சக மாணவருக்குத்தான் மறைவு. ஒவ்வொரு பெட்டிக்கும் அட்டைக்கும் எண் உண்டு. எண்ணுக்கு எதிரே பெயர் எழுதினால் ஆசிரியருக்கு எல்லாம் தெரியும். வருகைப்பதிவுக்கும் மதிப்பெண்ணுக்கும் இதைப் பயன்படுத்தும் கல்லூரிகள் உண்டு. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் 2014-இல் ஒரு வகுப்பில் வராத மாணவர்களுக்காக அவர்களின் கிளிக்கரை மற்றவர்கள் அழுத்திக்கொடுத்தார்கள். 64 மாணவர்கள் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானார்கள். அது அறவியல் சார்ந்த பாடம் என்பது கூடுதல் செய்தி. பங்கேற்பதற்காக வந்த கருவி கண்காணிப்புக் கருவியானால், முதலில் பயப்படுவது நம் பிள்ளைகள்தான்.

எதை வாக்குக்கு விடக்கூடாது

ஓர் ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சமூகவியல், அரசியல் வகுப்புகளில் இந்தக் கருவியை வைத்துக்கொண்டு “இடஒதுக்கீடு இனியும் தேவையா?” என்று கேட்கும் ஆசிரியர்கள் இருப்பார்கள். திரையில் “தேவையில்லை” என்ற தூண் உயரமாக எழும்பும். அறுபது பேர் வகுப்பில் ஆறு தலித் மாணவர்கள் அந்தத் தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முகம் தெரியாதபடி பொத்தானை அழுத்துவது பலவீனருக்கு மட்டுமா பாதுகாப்பு? சாதிவெறியை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறவருக்கும் அது பாதுகாப்புத்தான்.

ஒருவரின் மனித மதிப்பும் உரிமையும் பெரும்பான்மை வாக்குக்கு உரியவை அல்ல என்பதற்காகத்தான் அண்ணல் அடிப்படை உரிமைகளை அரசமைப்பில் வைத்தார். இடஒதுக்கீட்டைப் பற்றிக் கேள்வி வேண்டுமென்றால், அறிந்துகொள்ளக்கூடியதைக் கேளுங்கள்: அரசமைப்பின் எந்தப் பிரிவு இதற்கு வழி செய்கிறது? வந்த வழக்கு என்ன, தீர்ப்பு என்ன? அப்படிக் கேட்டால் வகுப்பு கற்கும். “தேவையா” என்று கேட்டால் வகுப்பு தன் எண்ணிக்கையைக் காட்டி நம்மை மிரட்டும்.

செய்ய வேண்டியவை

ஆசிரியர்களுக்கு எங்கள் வேண்டுகோள் சில. முதல் ஒரு மாதம் விடைகளைப் பெயரோடு சேமிக்காதீர்கள். பாட்டுச் சீட்டைப்போல அட்டை எண்களைத் தினமும் குலுக்கிக் கொடுங்கள். கேள்வியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். விடை தர ஒரு முழு நிமிடம் கொடுங்கள். ஒரு வகுப்புக்கு இரண்டு கேள்வி போதும். தவறான விடைகளையும் வகுப்பில் எடுத்து, “இப்படி நினைக்கவும் காரணம் இருக்கிறது, என்ன காரணம்?” என்று கேளுங்கள். தவறு யாருடையது என்று தெரியாததால் யாருக்கும் தலைகுனிவு வராது. ஜோடிகளை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். கடைசியாக, “இந்த நான்கிலும் இல்லாத விடை யாரிடமாவது இருக்கிறதா?” என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

பெற்றோருக்கு: கல்லூரியில் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதோடு, வகுப்பில் என் பிள்ளை பேசுகிறாளா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வி ஆசிரியரை அவள் பக்கம் ஒரு முறை திரும்ப வைக்கும்.

மாணவர்களுக்கு: அட்டை கிடைத்தால் யாரையும் பார்க்காமல் உங்கள் விடையைத் தூக்குங்கள். தவறாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நிமிடப் பேச்சில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் காரணத்தையும் சொல்லுங்கள். அட்டை இல்லாத கல்லூரியில், நான்கு பேர் சேர்ந்து காகிதத்தில் அ, ஆ, இ, ஈ எழுதி விடுதியிலோ மரத்தடியிலோ தொடங்குங்கள்.

தாத்தாவிடமே திரும்பி வந்து முடிக்கிறோம். மணி அடிக்கும்வரை வெளியே ஒளிந்திருந்து, வகுப்பு விட்டதும் வேகமாக நடந்து மறைந்த அந்த மாணவர், பின்னாளில் 1893-இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயர் தெரிந்துவிடும் என்று அஞ்சி நடந்தாரோ, அந்தப் பெயரையே பத்திரிகைக்கு வைத்தார்: ‘பறையன்’. ஒளிந்திருந்த காலம் அவருக்குத் தேவைப்பட்டது. அதைத் தாண்டி வரவும் அவரால் முடிந்தது. தாண்டி வருவதற்கு அன்று அவருக்கு யாரும் படி வைத்துக் கொடுக்கவில்லை.

நம் பிள்ளைக்கு ஒரு படி வைப்போம். முதலில் பெயர் இல்லாமல் ஓர் அட்டையைத் தூக்கட்டும். அடுத்துப் பக்கத்தில் இருப்பவளிடம் பேசட்டும். பிறகு ஒருநாள் எழுந்து நின்று, தன் ஊர்ப் பெயரைச் சொல்லி, “சார், இது எந்த மாசம்?” என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு வகுப்பு பதில் சொல்லட்டும்.

ஜெய்பீம்.